ஜெபத்தில் வைத்த பெயர்

கொல்லயில்
ஜனவரி 19, 2025, ஞாயிறு

அன்பு மகள் ஜெஸ்னாவுக்கு அம்மா எழுதுவது,

ஆலயம் விட்டு வந்து, அப்பா சாப்பிட்டுப் படுத்த பிறகு இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமையிலிருந்து நீ போன் எடுக்கவில்லை. மதுரையில் உங்கள் ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிட்டேன். பிள்ளை வகுப்புக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள் என்றார். அப்படியானால் கோபம் என்னிடம்தான். என்ன கோபம் என்று தெரியவில்லை என எழுதினால் அது பொய்யாகும். பாதி தெரியும்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிப் போட்டேன். எல்லாரும் போடுவதுதான். கால்வலி, மகனுக்கு விசா, மருமகளுக்குக் குழந்தை என்று ஆளுக்கொன்று எழுதுவார்கள். நான் எழுதியது: "என் மகள் ஜெஸ்னா, நர்சிங் இரண்டாம் வருஷம், மருந்தியல் பாடத்தில் தோற்றுப்போனாள். வருகையும் குறைந்துவிட்டது. திரும்ப எழுதக் கர்த்தர் பெலன் தர வேண்டும்." ஸ்டெல்லாபாய் அக்கா அதை வாசித்தார்கள். அத்தனை பேரும் முழங்காலில் நின்று உனக்காக ஜெபித்தார்கள். பக்கத்து வீட்டு ஜின்சியின் அம்மா அழுதேவிட்டாள். எனக்கு மனசு லேசாகி வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டெல்லாபாய் அக்கா ராபின்சன் சாரின் மனைவி. சார்தான் நம் சபைச் சேகரக் கல்வி நிதியின் காரியதரிசி. உன் கல்லூரிக் கட்டணம் அந்த நிதியிலிருந்து வருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஜெபத்தில் சொன்னது ஆபீஸ் காரியமாகும் என்று நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சார் வந்தார். காப்பி போட்டு வைத்தேன், தொடவில்லை.

"லீலாபாய், பிள்ளை தோத்தது எனக்க பெஞ்சாதி சொல்லியாக்கும் எனக்குத் தெரியணுமா?"

"சார், அது ஜெபத்துக்குச் சொன்னதாக்கும்."

"ஜெபத்தை நான் குத்தம் சொல்லல்ல. நிதிக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாப் பாடமும் ஜெயிக்கணும், எண்பது சதமானம் வருகை வேணும். குறைஞ்சா பிள்ளை தானே எழுதித் தரணும். எழுதல்ல. மறைச்சிருக்கு. இந்தப் பருவத்துப் பணம் நிறுத்தியாச்சு. பிள்ளைக்கும் போன்ல சொல்லியாச்சு."

அப்பா பக்கத்து அறையில் இருந்தார். வெளியே வரவில்லை.

ஒரு வரியாவது எழுது மக்கா. திட்டியாவது எழுது.

அம்மா

மதுரை
ஜனவரி 24

அம்மாவுக்கு,

போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டுமல்ல. என் அறையில் பின்சி இருக்கிறாள். அவள் வீடு நம் ஊருக்குப் பக்கத்து உதியன்குளங்கரை. நான் இங்கே பேசுவது சாயங்காலத்துக்குள் அங்கே போய்ச் சேரும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அப்பாவும் பார்ப்பார். தபால்காரர் வரும் நேரத்தில் அப்பா வேலைக்குப் போயிருப்பார். அதனால் கடிதம்.

பாதி தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் நான் நிதிக்கு எழுத வேண்டும். அந்த ஒரு மாதம் முடியவில்லை. நான்கு மதிப்பெண்ணில்தான் பாடம் போனது, மறுமதிப்பீட்டுக்குக் கொடுத்திருந்தேன். கிடைத்துவிட்டால் வருகைக் குறைவை மட்டும் எழுதினால் போதும் என்று காத்திருந்தேன். இனி நான் எதை எழுதினாலும் பிடிபட்ட பிறகு எழுதியதாகத்தான் இருக்கும்.

வருகை ஏன் குறைந்தது என்று சீட்டில் எழுதினீர்களா அம்மா?

"மக்கா, உடனே வா, அப்பா ஜங்ஷன்ல விழுந்து கிடக்காரு, நாலு பேரு பாக்கியதுக்கு முன்னே எடுக்கணும்" என்று செப்டம்பரில் என்னைக் கூப்பிட்டது யார்? கொட்டாரக்கரைக்குப் பக்கத்தில் குடிநோய் மையத்தில் சேர்த்தபோது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்றார்கள். நீங்கள் தங்கினால் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் உங்கள் இடம் காலியாகும், எங்கே போனாள் என்று கேட்பார்கள். அதனால் நான் தங்கினேன். சபையில் அப்பா திருச்சூரில் ஒரு வீட்டுக் கட்டுமானத்துக்குப் போயிருக்கிறார் என்று சொன்னீர்கள். நான் கல்லூரியில் இருக்கிறேன் என்று சொன்னீர்கள்.

நான் தோற்றதை ஊருக்கு வாசித்துக் காட்ட உங்களால் முடிந்தது. ஏன் தோற்றேன் என்பதை வாசிக்க முடியவில்லை.

நிதியில் மேல்முறையீடு உண்டு, பிப்ரவரி கடைசி வரை. வீட்டில் நோயோ சாவோ என்றால் ஒரு பருவம் பொறுத்துக்கொள்வார்கள். அந்தப் பருவத்தில் எல்லாம் ஜெயித்தால் பணம் தொடரும். காரணத்துக்கு ஒரு சான்று வேண்டும், தாய் தகப்பன் இருவர் கையெழுத்தும் வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் என்ன எழுதலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜெஸ்னா

கொல்லயில்
ஜனவரி 31

மக்கா,

உன் கடிதத்தைச் சமையற்கட்டில் நின்றே படித்தேன். அரிசி அடியில் பிடித்துவிட்டது. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் பெற்றவளுக்கு இப்படி எழுதலாமா என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றியது.

பாவம் என்று தெரிந்தே ஒரு காரியம் செய்தேன். வீட்டு ஜெபம் முடிந்து வரும் வழியில் தாணுமாலயன் டாக்டரின் கிளினிக்கில் ஏறினேன். செப்டம்பரில் உனக்குக் காய்ச்சல் என்று ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்தார்.

"சேச்சி, பைபிளைப் பிடிச்சோண்டு கள்ளச் சீட்டு கேக்க வந்தது நீங்க ஒரு ஆளாக்கும்" என்றார். கம்பவுண்டர் சிரித்தான். எனக்குக் காது எரிந்தது.

"பிள்ளைக்க படிப்பு போவும் டாக்டரே."

"பிள்ளை அப்போ எங்க இருந்துன்னு எனக்குத் தெரியும். ஒங்க வீட்டுக்காரர் ராஜதாசை அங்கோட்டு அனுப்பினதே நானாக்கும். உள்ளதை எழுதணும்னா இப்பவே எழுதித் தாறேன். காசும் வேண்டாம்."

உள்ளதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் என்று கேள். அக்டோபரில் மையத்திலிருந்து வந்தது முதல் அப்பா ஒரு துளி தொடவில்லை. போதகர் அவரைத் திரும்ப ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறையில் சேர்த்திருக்கிறார். திருச்சூர் வேலையில் களைத்துப்போய் இத்தனை மாதம் வாசிக்கவில்லை என்றுதான் போதகரின் எண்ணம். போன ஞாயிறு அப்பா வாசித்தார். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார். முதல் வசனத்தில் குரல் நடுங்கியது, பிறகு நேராகிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நான்கு பேர் கை கொடுத்தார்கள். வீடு வரைக்கும் முன்னால் நடந்தார் மக்கா. அவர் என் முன்னால் நடந்து எவ்வளவு காலமாயிற்று.

உள்ளதை எழுதிய காகிதத்தை நிதிக் கமிட்டிக்கு முன்னால் வைத்தால் இவர் என்ன ஆவார்? வைக்காவிட்டால் நீ என்ன ஆவாய்? காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தால் இரண்டு பேரின் பெயரையும் சொல்ல வாய் வரவில்லை.

உன் மெஸ்ஸுக்கு எடுத்து வைத்த பணத்தை நான் தொடவில்லை. மாதக் கணக்கில் அது தனியாகவே இருக்கிறது. கட்டணத்துக்குத்தான் வழி இல்லை.

அம்மா

மதுரை
பிப்ரவரி 8

அம்மா,

மறுமதிப்பீடு வந்துவிட்டது. இரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறது. நான்கு வேண்டும்.

கட்டணம் வராததால் ஆபீசில் என் பெயரைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிளார்க் நல்லவர்தான். "உங்க ஊர்க்காரங்க எப்பவும் நேரத்துக்கு அனுப்புவாங்களேம்மா, இந்த வாட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டார். சர்ச்சில் கணக்கு தாமதம் என்றேன்.

நீங்கள் மையத்துக்குள் வந்ததே இல்லை. அதனால் ஒன்று சொல்கிறேன். சேர்த்த மூன்றாம் நாள் அப்பாவுக்குக் கை நடுக்கம் அதிகமாகி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். கட்டிலோடு கட்டிவைக்க வேண்டியிருந்தது. நான்தான் ஒரு கையைப் பிடித்தேன். என்னை யாரென்று தெரியவில்லை. "நர்சே, எனக்க மோளும் நர்சுக்காக்கும் படிக்கா, அறியுமா? மதுரையில. பெரிய காலேஜாக்கும்" என்று என்னிடமே சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெளிந்த பிறகு, "மக்கா, ஒனக்கு வகுப்பு இல்லியா?" என்றார். லீவு அப்பா என்றேன். அவர் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார். நான் எந்தப் பாடத்தில் தோற்றேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், சார் வந்தபோது கேட்டிருப்பார். எதனால் என்று தெரியாது.

உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதனால் எழுத வேண்டாம். மாதம் முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு வாறேன். திருவனந்தபுரத்தில் ஏதாவது லேபிலோ கடையிலோ கவுண்டரில் நிற்கலாம். முதல் கடிதத்தைக் கோபத்தில் எழுதினேன். இது அப்படியல்ல. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

ஜெஸ்னா

கொல்லயில்
பிப்ரவரி 16, ஞாயிறு

என் மக்களே,

டி.சி. கேட்காதே. நான் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நர்சே என்று அவர் உன்னைக் கூப்பிட்டதை நினைத்தால் கையில் இருந்த வேலை நின்றுவிடும். பிறகு தாணுமாலயன் டாக்டரிடம் போய் உள்ளபடியே சான்று வாங்கினேன். இந்தத் தடவை கம்பவுண்டர் சிரிக்கவில்லை. படிவத்தில் நீ விட்ட இடத்தில் என் கையாலேயே எழுதினேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம், தமிழ் எழுத்து வேதப்புத்தகத்தைப் பார்த்துப் படித்தது என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் இருக்கட்டும். "பிள்ளையின் தகப்பன் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றார். கூட இருக்க வேண்டிய நான் போகாமல் பிள்ளையை அனுப்பினேன். அதனால் வருகை குறைந்தது, பாடம் போனது." இவ்வளவுதான்.

அப்பாவின் கையெழுத்து வேண்டுமே. நேற்றுக் காலை மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் அதை வைத்தேன். கையைத் துடைத்துவிட்டு, வேதபாடம் வாசிப்பதுபோல வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார்.

"லீவுன்னுல்லா சொன்னா" என்றார்.

"லீவு இல்ல."

"எனக்கு வேண்டியாக்கும் தோத்தது."

நான் மீன்சட்டியை மூடி வைத்தேன்.

"நீயும் இத்தனை நாள் சொல்லல்ல, என்ன?"

"சொன்னா ஒங்களுக்குத் தாங்காதுன்னு..."

"ஒனக்குத் தாங்கிச்சு. அவளுக்குத் தாங்கிச்சு. எனக்கு மட்டும் தாங்காது, இல்லியா? பேனா எங்க?"

நிறுத்தி நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். தெளிவாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். பிறகு, "எட்டி லீலா, கறி கொஞ்சம் கூட ஊத்து" என்றார். முழுவதும் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

இன்று ஆராதனை முடிந்து படிவத்தை ராபின்சன் சாரின் கையில் கொடுத்தேன். கவரைத் திறக்காமல் பைக்குள் வைத்தார். மார்ச் முதல் தேதி கமிட்டி கூடுகிறது. என்னையும் வரச் சொன்னார்.

அம்மா

மதுரை
பிப்ரவரி 21

அம்மா,

டி.சி. கேட்கவில்லை. கிளார்க்கிடம் மார்ச் வரை நேரம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன். பின்சி என்னவென்று கேட்டாள், தலைவலி என்றேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. கறி கேட்டார் என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்கள். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இந்தப் பயம் இருக்காது. மையத்தில் கவுன்சிலர் என்னிடம், சண்டை போடும் நாளைவிட ஒன்றும் பேசாத நாளில்தான் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார். வேலைக்குப் போகும்போது கூடவே யாராவது போகட்டும். கையில் அதிகம் பணம் கொடுக்க வேண்டாம்.

கமிட்டியில் அழாதீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஜெஸ்னா

கொல்லயில்
மார்ச் 9, ஞாயிறு

மக்கா,

முதலில் உன் காரியம். மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். நிறுத்தி வைத்த பணம் இந்த வாரம் கல்லூரிக்குப் போகும். இந்தப் பருவத்தில் மருந்தியலும் சேர்த்து எல்லாப் பாடமும் ஜெயிக்க வேண்டும், வருகை எண்பதுக்குக் கீழே போகக் கூடாது. இன்னொரு தடவை மேல்முறையீடு இல்லை. இதைச் சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

ஆலயத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுதியதை ராபின்சன் சார் மெதுவாகத்தான் வாசித்தார். ஈசாக்கு அண்ணன் மட்டும், "நமக்கு வேதபாடம் வாசிக்கிய மனுசனாக்குமே இது!" என்றார்.

"ஈசாக்கே, பேசாத இரும்" என்று சார் அடக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "இதை நேரத்தே சொல்லியிருந்தா இவ்வளவு வேணுமா லீலாபாய்? பிள்ளைக்க தோல்வியைச் சொன்னீங்க, இதைச் சொல்லல்லியே" என்றார்.

"அதுக்கு நாணக்கேடு இல்ல சார். இதுக்கு உண்டு."

இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று சார் வாக்குக் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார்.

மறுநாள் ஞாயிறு. அப்பா வாசிக்க வேண்டிய நாள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். வாசலில் ஒட்டியிருந்த முறைப்பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்தில் ஈசாக்கு அண்ணனின் மகன் பெயர் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். ஜின்சியின் அம்மா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆராதனை முழுவதும் இருந்தார். பாட்டும் பாடினார். வரும்போது எனக்குப் பின்னால் நடந்தார்.

திங்கட்கிழமை கொத்துக்கரண்டியும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கூட ஆளை அனுப்பச் சொன்னாய். நான் அனுப்பவில்லை. அவரோடு வழக்கமாகச் செல்லும் ஆள்கள் இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவர் அங்கே போகவே இல்லை. இன்றுவரை வரவில்லை. பாறசாலை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாணுமாலயன் டாக்டர் தன் வண்டியில் களியிக்காவிளை வரை தேடிவிட்டு வந்தார்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த நிமிஷமே நீ பஸ் ஏறுவாய். அதனால்தான் இத்தனை நாள் உன்னிடம் சாதாரணமாகப் பேசினேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நீ இங்கே வந்து செய்ய ஒன்றும் இல்லை.

அம்மா

மதுரை
மார்ச் 15

அம்மா,

காலையிலிருந்து கூப்பிடுகிறேன், நீங்கள் எடுக்கவில்லை. பின்சி கேட்டால் கேட்கட்டும் என்று அறையிலேயே நின்று கூப்பிடுகிறேன்.

அப்பாவைக் காணவில்லை என்பதை ஒரு வாரம் கழித்து எனக்குத் தபாலில் சொல்கிறீர்கள். மார்ச் ஐந்தாம் தேதி என்னோடு பேசினீர்களே, அப்பா எங்கே என்றதற்குக் குளிக்கிறார் என்றீர்களே. திரும்பவும் அதேதானா அம்மா?

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வாறேன். வியாழன் வரை மாதிரித் தேர்வு இருக்கிறது, அதற்கு மேல் என்னால் இருக்க முடியாது. வருகை போனால் போகட்டும். நிதி போனால் போகட்டும். அவரை எங்கெங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மையத்தில் அவர் சொன்ன இடங்கள் உண்டு, உங்களுக்குத் தெரியாத இடங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன்.

ஜெஸ்னா

நெய்யாற்றின்கரை
மார்ச் 18, செவ்வாய்

ஜெஸ்னா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெள்ளிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று இதையும் ஸ்பீட் போஸ்ட்டில் விடுகிறேன்.

அப்பா கிடைத்துவிட்டார். அதியன்னூரில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் படுத்திருந்தார். டாக்டருக்குத் தெரிந்த ஒரு ஆட்டோக்காரர்தான் அடையாளம் கண்டு சொன்னார். நீ கூப்பிட்டபோது நான் ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு எடுத்திருக்கலாம். எடுத்தால் உன் குரலைக் கேட்டு, வா என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். நேற்று மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது உன் கடிதம் கிடந்தது.

பொய் சொல்லமாட்டேன். நல்ல நிலைமை இல்லை. கண் மஞ்சளாகிவிட்டது, வயிறு வீங்கியிருக்கிறது. ஈரல் முன்னாலேயே கெட்டிருந்தது, இப்போது தாங்கவில்லை என்று இங்கே டாக்டர் சொல்கிறார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

இன்று காலை தெளிவு வந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"மோளு வந்தாளா?" என்றார்.

"வாறேன்னு எழுதியிருக்கா. வெள்ளிக்கிழமை."

"அப்போ அவளுக்க வருகை?"

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நான் கையெழுத்துப் போட்டது என்னத்துக்காக்கும் லீலா?" என்றார். பிறகு, "வரண்டாம்னு சொல்லு. பரீட்சை எழுதட்டு" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இவ்வளவு நேரமாகியும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். இங்கே நான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு இன்று போகவில்லை, ஏன் என்று ஸ்டெல்லாபாய் அக்காவிடம் உள்ளதைச் சொல்லியாச்சு.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நீ வர வேண்டாம். வந்தால் உன்னைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது, பிடித்து வைத்துக்கொள்வேன். ஏதாவது ஆனால் நானே கூப்பிடுவேன். அன்று மணி அடித்தால் யாரென்று பார்க்காமல் எடு.

அதுவரை பையை எடுக்காதே. சனிக்கிழமை உனக்கு ஆண்கள் வார்டில் டியூட்டி என்று முன்னே சொல்லியிருந்தாய். போய் நில்.

அம்மா